எதைத்தான் நிறுத்துவது?

அத்தியாயம் 9

போன வாரம் கலர்க்காரியைப் பாத்ரூம் கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், இந்த வாரமும் அங்கேதான் நிற்கிறாள்.

ஒரு கையில் தண்ணீர்த் தம்ளர். இன்னொரு கையில் மாத்திரை. உள்ளே கணவன். குழாய் திறக்கும் சத்தம், மூடும் சத்தம், மறுபடி திறக்கும் சத்தம். இந்தச் சத்தங்களை வைத்தே உள்ளே நிலவரம் என்ன என்று சொல்லும் அளவுக்கு அவளுக்குப் பழகிவிட்டது.

"என்னங்க, எப்படி இருக்கு?"

"இருக்கு."

"ரத்தம்?"

பதில் இல்லை. பதில் இல்லை என்றால் ஆமாம் என்று அர்த்தம்.

அவனுக்குப் பெருங்குடலில் புண். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று டாக்டர் பெயர் சொன்ன அன்று, உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கிற வியாதி என்று விளக்கமும் சொன்னார். இருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடியோடு போகாது, ஆனால் அடங்கி இருக்கும் என்பது மட்டும் புரிந்தது. சொன்னபடி அடங்கியும் இருந்தது. அவன் கூரியர் ஆபீசுக்குப் போனான், வந்தான். சினிமா தியேட்டரில் ஓரத்து சீட் தேடாமல் நடு சீட்டில் உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தான். பிறகு ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் நோய் திரும்பி வந்துவிட்டது.

அந்த 'சொல்லாமல் கொள்ளாமல்'தான் கலர்க்காரியால் தாங்க முடியாதது.

ஏனென்றால் அவள் தொழில் அப்படி. பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறாள். யாராவது சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு சில்லைக் கொண்டு வந்து, "அப்படியே இதே கலர் வேணும்" என்பார்கள். மிஷின் முக்கால்வாசி வரை கொண்டு வந்துவிடும். மீதிக் கால்வாசி அவள் கண்ணில் இருக்கிறது. அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஒரு துளி மஞ்சள் விடு, அட்டையில் தடவு, காயவிடு, பிறகு வெளிச்சத்தில் பார். ஈரத்தில் பெயின்ட் பொய் சொல்லும்.

அதே வழியை அடுப்படிக்கும் கொண்டு வந்தாள். முதலில் பாலை நிறுத்தினாள். ரத்தம் நிற்கவில்லை. தக்காளியை நிறுத்தினாள். பிறகு மிளகாய். பிறகு கோதுமை, பருப்பு, முட்டை, பழம். கடைசியில் தட்டில் மிஞ்சியது குழைந்த சோறும் வெந்த கேரட்டும். அவன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டான். ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

அப்படியானால் இன்னும் ஏதோ ஒன்றை நிறுத்தாமல் விட்டிருக்கிறோம். அது எது? இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்ததில் அவளுக்குத் தோன்றியது, தன் வேலை. காலையில் அவசர அவசரமாகச் சமைத்து டப்பாவில் அடைத்துவிட்டு இவள் கடைக்கு ஓடுகிறாள். ஆறிப்போன சோற்றை அவன் ஆபீசில் தின்கிறான். 'ஆறினதைத் தின்னா குடல் என்னத்துக்கு ஆகும்?' என்று நாத்தனார் போன வாரம் கேட்டது, முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

வேலையிலோ இப்போதுதான் நல்ல காலம் பிறந்திருந்தது. முதலாளி புதுக் கிளை திறக்கிறார். அங்கே கலர் பொறுப்பு முழுவதும் அவளுக்கே என்று சொல்லிவிட்டார். இன்று கடை மூடுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இவள் என்ன சொல்வதென்று விடியும்போதே முடிவு செய்துவிட்டாள். புதுக் கிளையும் வேண்டாம், பழைய கிளையும் வேண்டாம். வீட்டில் இருந்து இவனைப் பார்த்துக்கொண்டால் போதும். முடிவு செய்த பிறகு தலையணை நனைந்தது வேறு கதை.

கதவு திறந்தது. அவன் மாத்திரையை வாங்கிக்கொண்டான். தம்ளரையும் வாங்கிக்கொண்டான். "ஐயோ, மறுபடியும்" என்று உள்ளே போய்த் தாழ் போட்டான். திரும்பி வந்தபோது தம்ளர் காலியாக இருந்தது.

தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டது.

"அக்கா வந்தாச்சு," என்றான் அவன், தண்டனைக்குப் பெயர் கூப்பிட்ட மாதிரி.

அவனுடைய அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். படிக்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கிளட்ச் மேடம். கலர்க்காரிக்கு அந்த நாத்தனார் இவள்தான், கூப்பிடுவது அண்ணி என்று. ஸ்கூல் மாடியிலேயே ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். யாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட மாட்டாள், யார் வீட்டிலும் சாப்பிட மாட்டாள். ஆனால் யார் வீட்டில் என்ன சமைக்க வேண்டும் என்பதை அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பக்கமும் பெடல் இருக்கும். தம்பி முன் சீட்டில் ஏறியதும் அண்ணி ஆரம்பித்தாள்.

"அந்த பிரேக்ல கால் வெக்காதடா. அது எனக்கு மட்டும்தான்."

"நீ இந்தப் பக்கம்தானே இருக்கே?"

"எந்தப் பக்கம் இருந்தாலும் எனக்குத்தான்."

பின் சீட்டில் கலர்க்காரி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கார் மார்க்கெட் தெருவைத் தாண்டி மேம்பாலத்தின் கீழே நுழைந்தது. இரண்டு பக்கமும் லாரி. அப்போது பார்த்துக் கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹார்னை அழுத்தினார்கள். தம்பிதான் மிதித்திருந்தான்.

"அக்கா. வருது. இப்பவே."

கலர்க்காரிக்குக் கை கால் ஓடவில்லை. நடுரோடு, எங்கே போவது? அண்ணி மட்டும் அசரவில்லை.

"காலை எடு முதல்ல. லாரியைத் தாண்டினா இடது பக்கம் டயர் கடை. கடைக்குப் பின்னாடி பாத்ரூம். தாழ்ப்பாளைத் தூக்கிட்டுத் தள்ளணும், இல்லேன்னா விழாது. குழாய்ல தண்ணி வராது, டிரம்ல இருக்கும். மூச்சை இழுத்துப் பிடி, வந்தாச்சு, ஓடு."

அவன் ஓடினான். நல்ல வேளை, அண்ணி இருந்தாள் என்று கலர்க்காரி மனதாரக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு முடிவதற்குள் அண்ணி கண்ணாடியைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"எல்லாம் டென்ஷன். அப்புறம் உன் கையில மசாலா கொஞ்சம் ஜாஸ்தி."

"மசாலா டப்பாவைத் தொட்டே ரொம்ப நாளாச்சு அண்ணி."

"அப்ப அதுதான். ஒண்ணுமே போடாம சமைச்சா குடலுக்குக் கோவம் வராதா?"

இவளிடம் நியாயம் பேசுவது ரிவர்ஸ் கியரில் மலை ஏறுவது. கலர்க்காரி வாயை மூடிக்கொண்டு, பையிலிருந்த பிஸ்கெட்டை நீட்டினாள்.

"வேணாம்மா. கிளாஸ் இருக்கற நாள்ல வெளிய கிளம்பினா நான் பச்சைத் தண்ணி கூடத் தொடறதில்ல. வெறும் வயிறுதான் சுகம்."

வயிற்று டாக்டரம்மா அளந்து பேசுகிறவர். ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவனை எடை மிஷினில் ஏற்றினார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அண்ணியையும் உள்ளே விட்டிருந்தார்கள். விடவில்லை என்றாலும் வந்திருப்பாள்.

"ரொம்ப இளைச்சுட்டாரே. என்ன சாப்பிடறார்?"

கலர்க்காரி சொன்னாள். எதை எதை நிறுத்தினாள், எதற்குப் பிறகு எது என்று ஒன்று விடாமல் சொன்னாள். பாராட்டை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. எங்கே பிசகியது என்று இவராவது சொல்ல மாட்டாரா என்ற தவிப்பு.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவையும் நிறுத்தச் சொன்னது யாரு?"

மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

"ரத்தம் போற உடம்புக்குத் தெம்பு வேணும்மா. முட்டை குடுங்க, மீன் குடுங்க, பருப்பை நல்லா குழைய வேகவெச்சுக் குடுங்க. நோய் முறுக்கிக்கிட்டு இருக்கறப்ப சிலருக்குப் பால் ஒத்துக்காது, சிலருக்குக் காரம், சிலருக்கு நார். எது ஒத்துக்கலையோ அதை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வைங்க. மத்தபடி சாப்பாடு இந்த நோயைக் கொண்டு வரலை."

"டென்ஷன்தானே டாக்டர்?" அண்ணி குறுக்கே வந்தாள்.

"அதுவும் கொண்டு வரலை. இருக்கறதைக் கிளறி விடும், அவ்வளவுதான்."

"அப்ப எதுதான் கொண்டு வருது?"

"முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கு வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி ரத்தம் போறது, அவசரமா..."

"யாருக்கும் இல்ல," என்றாள் அண்ணி, டாக்டரம்மா முடிப்பதற்குள்.

"சரி. மாத்திரையைத் தவறாம சாப்பிடறாரா?"

"நானே கையில குடுக்கறேன் டாக்டர். ஒரு வேளை கூடத் தவறினதில்ல." கலர்க்காரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். எல்லாவற்றிலும் குழம்பியிருந்தவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

"அப்படியும் ரத்தம் போகுதுன்னா மாத்திரை மட்டும் இவருக்குப் போதலை. அடுத்த படிக்குப் போகணும். டிரிப்ல ஏத்தற மருந்து. உடம்போட எதிர்ப்புச் சக்தியையே கொஞ்சம் அடக்கி வைக்கும். நல்ல மருந்துதான், பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அதுக்கு முன்னாடி காசநோய் எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு பாக்கணும். அப்புறம் அடிக்கடி இங்க வரணும்..."

அவன் நாற்காலியில் நெளிந்தான். பாத்ரூம் நெளிசல் இல்லை, அது அவளுக்குத் தெரியும். இது வேறு.

"டாக்டர், மாத்திரை போதலைன்னு சொல்ல முடியாது."

"ஏன்?"

"அது போய்ச் சேரவே இல்ல."

"புரியலை."

"நான் கூரியர்ல ரிட்டர்ன் செக்‌ஷன். டெலிவரி ஆகாத பார்சல் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். புரட்டிப் பார்த்து, ஏன் திரும்பி வந்துச்சுன்னு பார்க்கறதுதான் வேலை." அவன் எச்சில் விழுங்கினான். "மாத்திரையும் திரும்பி வந்துச்சு. முழுசா, ஒரு ஒடைசல் இல்லாம. நிறைய தடவை பார்த்தேன். விலாசம் தப்புன்னு தெரிஞ்ச பிறகும் அனுப்பிக்கிட்டே இருக்கலாமா? அதான் நிறுத்திட்டேன்."

"எப்ப?"

"உடம்பு நல்லா இருந்தப்பவே."

கலர்க்காரி அவனைப் பார்த்தாள். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. காலையில் காலியாக வந்த தம்ளர்தான் கண் முன்னால் நின்றது.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால் வரவில்லை. "நீங்க பார்த்தது டப்பாவை. அந்த மாத்திரைக்கு மேல ஒரு கூடு உண்டு. இரைப்பையில கரையாம தாக்குப்பிடிச்சுக் கீழ பெருங்குடல் வரைக்கும் மருந்தைக் கொண்டு போகத்தான் அது. அங்க போனதும் மருந்து வெளிய வந்து புண்ணுல படும். வெறும் கூடு சிலருக்கு மட்டும் அப்படியே வெளிய வரும். அமுக்கிப் பார்த்தீங்களா, காலியா இருந்துச்சான்னு?"

"ஐயையோ, இல்ல டாக்டர்!"

"நிஜமாவே முழு மாத்திரை அடிக்கடி வந்தா அதையும் எனக்குச் சொல்லணும். வேற வகை மாத்திரை இருக்கு, மாத்திக்கலாம். நீங்களா நிறுத்தக் கூடாது. ஏன் சொல்லலை?"

"எப்படி டாக்டர் சொல்றது? உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, உள்ள எட்டிப் பார்த்தேன்னு சொல்லணுமே."

கலர்க்காரிக்கு அப்போதுதான் நாக்கு வந்தது. "அப்ப மாத்திரையை நிறுத்தினதாலதான் திரும்பி வந்துச்சா டாக்டர்?"

"வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். ஒழுங்கா சாப்பிடறவங்களுக்கும் சில சமயம் வரும். நல்லா இருக்கறப்பவும் விடாம சாப்பிட்டா, வர்றது குறையும்." டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். "கிருமி ஏதாவது இருக்கான்னு முதல்ல மலம் டெஸ்ட். மாத்திரையை மறுபடி ஆரம்பிங்க. ராத்திரி ஆசனவாய் வழியா வைக்கற மருந்து ஒண்ணு தர்றேன். டிரிப் இப்ப வேணாம், இது எப்படிப் போகுதுன்னு பார்ப்போம். ரத்தம் கூடினா, காய்ச்சல் வந்தா, வயிறு உப்பி வலிச்சா, நாள் பார்க்காம ஓடி வாங்க."

வெளியே வராந்தாவில் அண்ணி காரை எடுத்து வரப் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் ரிப்போர்ட் பை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். வெறும் சோற்றில் மறைத்தவனை இப்போதுதான் பார்க்கிறாள்.

"தினம் நான் குடுத்த மாத்திரையை என்ன பண்ணீங்க?"

"பாத்ரூம்லயே போட்டுடுவேன்."

"தண்ணி?"

"தண்ணியைக் குடிச்சுடுவேன். நீ ஆத்திக் கொண்டு வந்ததாச்சே."

"பாலை நிறுத்தினப்ப சொல்லியிருக்கலாம். தக்காளியை நிறுத்தினப்ப சொல்லியிருக்கலாம். ராத்திரி ராத்திரி என் கையைக் கழுவிக் கழுவி மோந்து பார்த்துக்கிட்டிருந்தேன், பெயின்ட் வாசனை எதுவும் சோத்துல இறங்குதான்னு. அப்பவாவது சொல்லியிருக்கலாம்!"

அவள் குரல் உயர்ந்ததில் எதிர் பெஞ்சில் இருந்தவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"சொல்லணும்னுதான் நினைப்பேன்," என்றான் அவன். "நீ அவ்வளவு நம்பிக்கையா ஒண்ணொண்ணா நிறுத்தினியா, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை தக்காளிதானோன்னு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்குதான் ஒழுகியது. தப்பு தன் அடுப்படியில் இல்லை என்று நிம்மதிப்படுவதா, தப்பு மாத்திரையில்தான் என்று அந்த டாக்டரம்மாவும் அடித்துச் சொல்லவில்லையே என்று பயப்படுவதா? ஒன்றை மாற்றினால் ஒன்று தெரியும் என்றுதானே இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறாள். இங்கே எதை மாற்றியதற்கு எது தெரிகிறது?

போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டாள்.

"சார், புதுக் கிளைக்கு நான் வர்றேன்."

கோபத்தில் எடுத்த முடிவா, தெளிந்து எடுத்த முடிவா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் சொன்னதும் மூச்சு சீராக வந்தது. கணவன் பையை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் வந்தான். அவள் நகரவும் இல்லை, அவனைப் பார்க்கவும் இல்லை.

திரும்பும்போது அவன் பின் சீட்டில் படுத்துவிட்டான். சோர்வு. கொஞ்ச தூரத்திலேயே குறட்டை. கலர்க்காரி முன் சீட்டில், காலைப் பெடலில் படாமல் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணி இந்த முறை உபதேசம் எதுவும் செய்யவில்லை. அதுவே அதிசயம்.

மேம்பாலத்தின் கீழே டயர் கடை வந்தது. அண்ணி காரை ஓரம் கட்டினாள்.

"ஒரு நிமிஷம்மா."

சொல்லிக்கொண்டே இறங்கியவள், நடக்கவில்லை, ஓடினாள். தம்பி காலையில் ஓடின அதே ஓட்டம்.

கலர்க்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். தாழ்ப்பாளைத் தூக்கிட்டுத் தள்ளணும். குழாயில் தண்ணி வராது. இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்? டயர் மாற்ற வந்தவள் தாழ்ப்பாளின் குணம் வரைக்கும் தெரிந்துகொள்வாளா? வெளியே கிளம்பினால் வெறும் வயிறு. யார் வீட்டிலும் சாப்பிட மாட்டாள். டாக்டரம்மா கேட்டு முடிப்பதற்குள் 'யாருக்கும் இல்ல' என்றாள்.

அண்ணி திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். சாவியைத் திருகாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் சமையல், உன் சமையல்னு சொன்னேன்ல. மனசுல வெச்சுக்காதே."

"இல்ல அண்ணி."

"சாப்பாடுதான் காரணம்னா நல்லா இருக்குமேன்னு ஒரு ஆசை. எதையாவது ஒண்ணை நிறுத்தினா நின்னுடும் பாரு, அந்த ஆசை. உனக்காவது கண்டுபிடிக்க வரும்னு நினைச்சேன்." குரல் தழைந்தது. "நானும் எல்லாத்தையும் நிறுத்திப் பார்த்துட்டேம்மா."

கலர்க்காரி அண்ணியின் கையைப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்று ஈரமாக இருந்தது.

"அந்த டாக்டரம்மாகிட்ட நாளைக்கே போவோம் அண்ணி. நான் கூட வர்றேன்."

"போலாம். ஆனா தம்பிகிட்ட மட்டும் சொல்லாதே. அவனே நொந்து போயிருக்கான். சத்தியம் பண்ணு."

இப்போதுதான் ஒரு ரகசியம் உடைந்து அதன் சில்லு இன்னும் காலில் குத்திக்கொண்டிருக்கிறது. அதற்குள் இன்னொன்றைக் கையில் வைக்கிறாள். வாங்கிக்கொள்வதா, கீழே போடுவதா? கலர்க்காரி என்ன சொல்வதென்று தெரியாமல் கண்ணாடியைப் பார்த்தாள்.

பின் சீட்டில் குறட்டை நின்றிருந்தது.